கல் நட்டாயிற்று, பெயர் எங்கே?

சயாம் என்று பழந்தலைமுறைத் தமிழர் அழைத்த தாய்லாந்து நாட்டின் மேற்கில், பர்மா எல்லை மலைகளை நோக்கிச் செல்லும் வழியில், காஞ்சனபுரி என்றொரு சிறு நகர் உள்ளது. தலைநகராகிய பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு. காஞ்சனபுரி என்பது வடசொற் பெயர். தமிழிற் சொன்னால் பொன்னகர். ஈராறுகள் கூடும் அந்நகரில், புல் சீர்செய்து பூஞ்செடி வைத்துப் போற்றப்படும் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கமாகியுள்ளனர். ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு வெண்கலத் தகடு. தகட்டில் ஒரு பெயர். பெயரோடு படைப்பிரிவு, இறந்த நாள், அகவை. ஆங்கிலேயர், ஆத்திரேலியர், ஆலந்தர் ஆகியோரின் கல்லறை அது. கடல் பல கடந்து பேரன் பேத்தியர் வருகின்றனர். தகட்டைத் தடவிப் பெயரைப் படிக்கின்றனர். மலர் வைத்துத் திரும்புகின்றனர்.

அவர்கள் எந்த இருப்புப் பாதையைப் போட்டு மாண்டனரோ, அதே பாதையில், அதே காட்டில், அதே ஆண்டில், அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக மாண்டோர் ஆசிய உழைப்பாளர். அவருள் மலேயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவருட் பெரும்பாலோர் தமிழர். அவர்கட்குத் தகடு இல்லை, தலைமாடு இல்லை, புதைத்த இடந்தானும் பெரும்பாலும் தெரியவில்லை. 1990ஆம் ஆண்டில் காஞ்சனபுரி நகரருகே ஒரு விளைநிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவற்றின்மேல் ஏர் நடந்திருக்கிறது, பயிர் விளைந்திருக்கிறது. கீழே கிடந்தவர் எவரென்று கேட்பாரில்லை.

அப்பாதையின் வரலாற்றைத் தமிழிளைஞர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1941 திசம்பர் 8ஆம் நாள், சப்பானியப் படை மலேயாவின் கோத்தபாருக் கடற்கரையில் இறங்கியது. 1942 பிப்பிரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனையடுத்துப் பர்மாவும் சப்பானியர் கைப்பட்டது. பர்மாவிலிருந்த படைக்கு உணவும் வெடிமருந்தும் கடல்வழியே கொண்டுசெல்வது பகைவர் தாக்குதலால் இடர்மிக்கதாயிற்று. ஆகவே, சயாமிலுள்ள பான் போங் என்னும் ஊரிலிருந்து பர்மாவிலுள்ள தன்பியூசயாத் வரை, மலையையும் காட்டையும் பிளந்து, 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப் பாதை போடச் சப்பானியர் முடிவு செய்தனர். 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய பணி, 1943 அத்தோபர் 17ஆம் நாள், இருபுறமிருந்தும் நீண்டுவந்த தண்டவாளங்கள் கொன்கொய்த்தா என்னுமிடத்தில் இணைந்ததோடு முடிவுற்றது. பல்லாண்டு எடுத்திருக்கவேண்டிய வேலை, ஓராண்டும் சில திங்களும் ஆனவுடன் முடிந்தது. அவ்விரைவு பொறிகளால் வந்ததன்று. மண்வெட்டியாலும், கூடையாலும், உளியாலும், சம்மட்டியாலும், மாந்தர் முதுகெலும்பாலும் வந்தது.

போர்க்கைதிகளாக அங்கு உழைத்தவர் 60,000 பேருக்கு மேல். அவருள் இறந்தோர் 12,000 பேருக்கு மேல். ஆசிய உழைப்பாளர் தொகை 1,80,000 முதல் 2,50,000 வரை என வெவ்வேறாகக் கணிக்கப்படுகிறது. பர்மியர், சாவகர், மலாயர், சீனர், தமிழர் எனப் பல இனத்தவர் அவர்கள். இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் கொள்ளும் கணக்கு. அதனினும் மிகுதி என்பாரும் உளர். மலேயாவிலிருந்து சென்றவர் மட்டும் ஏறத்தாழ 75,000 என்பர். கைதிகளின் கணக்கை ஆள்வாரியாகச் சொல்ல முடிகிறது. உழைப்பாளர் கணக்கோ 'ஏறத்தாழ' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஆயிரம் பேர் கூடினாலும் குறைந்தாலும் வேறுபாடு தோன்றாத கணக்கில் மாந்தரை எழுதுவது, அவர்களை இரண்டாம் முறை புதைப்பதற்கு ஒப்பாகும்.

இத்தமிழர் சயாமிற்குப் போனதெவ்வாறு? தாமே விரும்பிப் போனவர் சிலர். ஏமாந்து போனவர் பலர். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் மிகப் பலர். போரினால் தொய்வப்பால் ஏற்றுமதி நின்றது. தோட்டங்கள் மூடிக் கிடந்தன. வெள்ளைத் துரைமார் ஓடிவிட்டனர், ஓடாதவர் சிறைப்பட்டனர். அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில், நாளொன்றிற்கு ஒரு வெள்ளி கூலி, இலவய உணவு, உறைவிடம், மூன்றே மாத வேலை என்று சப்பானியர் ஆசை காட்டினர். ஆள் போதவில்லை என்றதும், தோட்டத்திற்கு இத்தனை பேர் என்று தொகை விதித்தனர். கள்ளுக்கடையில் நின்றவரைப் பிடித்தனர்; படக்காட்சிக்குக் கூடியவரைப் பிடித்தனர்; லயத்து வீடுகளில் உறங்கியவரை இரவோடிரவாக வண்டியேற்றினர். சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் பல நாள் கடந்து பான் போங்கில் இறங்கியவர்கள், அங்கிருந்து மழைக்காட்டின் ஊடே நடத்திச் செல்லப்பட்டனர். மனைவி மக்களோடு சென்றவரும் உண்டு.

1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திக்கழிச்சல் பரவியது. முறைக்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஆறாப் புண்ணும் முன்னரே இருந்தன. மூங்கிற் குடிசைகளில் மருந்துமில்லை, மருத்துவருமில்லை. பிணங்களைக் குழியிற் குவித்தனர். எரிக்கத் தொடங்கியபின், உயிர் முற்றும் போகாதவரையும் சேர்த்துக் குவித்தனர் என்று மீண்டுவந்தோர் சொல்லியிருக்கின்றனர்.

கைதிகளின் பெயர் நின்றது. உழைப்பாளர் பெயர் அழிந்தது. இதற்குக் கரணியம் உண்டு. கைதிகள் ஒரு படையினர். சிறைப்பட்ட பின்னும் அவர்கட்குத் தலைவர் இருந்தனர், எழுத்தர் இருந்தனர், மருத்துவர் இருந்தனர். இறந்தவர் பெயரையும் நாளையும் புதைத்த இடத்தையும் அவர்கள் ஒளித்து ஒளித்து எழுதி வைத்தனர். போர் முடிந்ததும் அக்குறிப்புகளைக் கையிற் கொண்டு கல்லறைகளைத் தேடி, எலும்புகளைத் தொகுத்து, ஒரே இடத்தில் அடக்கம் செய்தனர். தமிழுழைப்பாளர்க்கு அத்தகைய கட்டமைப்பு ஏதுமில்லை. ஒரு தோட்டத்தவர் பல முகாம்களிற் சிதறினர். எழுதத் தெரிந்தவர் மிகச் சிலர், அவரிடமும் தாளில்லை. பக்கத்திற் படுத்திருந்தவன் இறந்தால் அவன் ஊரையும் பெயரையும் அறிந்தவன் அடுத்து இறந்தான். அவ்வளவோடு அப்பெயர் முடிந்தது.

ஆயின் அவர்கள் பெயரின்றிப் போனவரல்லர். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், தண்டல் முன்னிற்க, கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்ட பெயருக்கு 'இருக்கிறேன்' என்று ஒரு குரல் வந்திருக்கிறது. பால் வெட்டும் வேலைக்கு ஆள் கணக்குத் தவறக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு நாளும் எழுதப்பட்ட பெயர், செத்தபின் ஒரு நாளும் எழுதப்படவில்லை.

உலகம் இதனை எவ்வாறு நினைவு வைத்திருக்கிறது? பியர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் எழுதிய கதையொன்று, குவே ஆற்றுப் பாலம் என்னும் பெயரால் 1957இல் திரைப்படமாயிற்று. அதன் வழியேதான் உலகம் காஞ்சனபுரியை அறிந்தது. படம் எடுக்கப்பட்டது சயாமில் அன்று, இலங்கையின் கித்துள்கலையில். அக்கதை வெள்ளைக் கைதிகளின் கதை. தமிழுழைப்பாளர்க்கு அதில் இடமில்லை. படம் பார்த்தவர் குவே ஆற்றைத் தேடிக் காஞ்சனபுரிக்கு வரத் தொடங்கினர். பாலமோ மே குலோங் என்னும் ஆற்றின்மேல் நின்றது. வந்தவர் ஏமாறாதபடி, 1960இல் அவ்வாற்றின் மேற்பகுதிக்குக் குவே யாய் என்று பெயர் மாற்றினர். ஒரு கதைக்காக ஓர் ஆறு புதுப்பெயர் பெற்றது. உண்மையில் மாண்ட பல்லாயிரவர் தம் பழம்பெயரையும் இழந்தனர்.

1977இல் அந்நகரின் புத்தப் பள்ளியொன்றில் போர் அருங்காட்சியகம் அமைந்தது. சப்பான், இங்கிலாந்து, ஆத்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஆலந்து ஆகிய நாட்டுப் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டனர். அவ்வெழுத்துகளில் மலேயாவும் இல்லை, பர்மாவும் இல்லை, சாவகமும் இல்லை. இன்னும் ஒன்று. பணிக்களத்தில் இறந்தவர்க்காகப் போர் முடியுமுன்னரே, 1944இல், பாலத்தருகே ஒரு நினைவுக்கல் எழுப்பியவர் சப்பானியப் படையினரே. அடித்து வேலை வாங்கியவன் கல் நாட்டினான். உடன்பிறந்த தமிழினமோ முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வாளாவிருந்தது.

வாளாவிருந்தது என்பதும் முழு உண்மையன்று. சயாமையும் தமிழையும் பற்றித் தமிழர் பேசாத மேடையில்லை. தகுவாபா என்னும் சயாமியச் சிற்றூரருகே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பேசுவர். அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பட்டதையும், மணிக்கிராமத்தார் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் அதற்குக் காவல் பூண்டதையும் அக்கல் சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். சயாமிய அரண்மனைச் சடங்கில் திருவெம்பாவை ஓதப்பட்டு வருவதையும் பேசுவர். அதனைப் பாடிய மணிவாசகர், மதுரையை அடுத்த திருவாதவூரில் தோன்றியவர். இவையெல்லாம் உண்மை, பெருமைக்குரிய உண்மை. வணிகன் சென்று குளம் காத்தான். பாட்டுச் சென்று அரண்மனை ஏறியது. ஆயின் சயாம் மண்ணில் கால் வைத்த தமிழருள் மிகப் பெருந்தொகையினர் வணிகருமல்லர், புலவருமல்லர். 1943ஆம் ஆண்டில் மண் சுமந்தவரே அவர். அவர்களை விட்டுவிட்டுத் தமிழர் கடல் கடந்த பெருமையைப் பேசுவது, வேரை மண்ணில் விட்டுப் பூவை மட்டும் பறித்துச் சூடுவதாகும்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியே ஆகல் வேண்டும். மணிக்கிராமத்தாரைத் தமிழர் என்று கொண்டாடும் நா, மாயாண்டியையும் கருப்பாயியையும் 'கூலிகள்' என்று சொல்லி அடங்கிவிடுகிறது. மலேயாவிற்குச் சென்றவருட் பலர் ஊரில் ஒரு முழ நிலமும் இல்லாதவர், சேரியில் வைக்கப்பட்டவர், தீண்டாமைக்கு ஆளானவர். ஆள் திரட்டி அனுப்பிய கங்காணி தமிழன். பெயரெழுதிய கிராணிகளுள்ளும் தமிழர் இருந்தனர். வெள்ளையன் கொடுமையும் சப்பானியன் கொடுமையும் பேசப்படவேண்டியவையே. அவர்கள் வருமுன்னரே ஊர் அவர்களை மறந்துவிட்டிருந்தது என்பதும் பேசப்படவேண்டும். உள்ளூரில் மதிக்கப்படாதவன் அயலூரில் இறந்தால் கணக்கில் வாரான். காஞ்சனபுரிக் குழிகள் சப்பானியன் மட்டுமே தோண்டியவையல்ல.

கூலி என்னும் சொல்லின் வரலாறே இதற்குச் சான்று. தமிழிற் கூலி என்பது உழைப்பிற்கு ஈடாகக் கிடைக்கும் பயனைக் குறிக்கும். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், உடல் வருந்திய அளவிற்கு முயற்சி தரும் பயனைக் கூலி என்றே சொல்கிறார். கூலி பெறுபவன் கூலியாள், கூலிக்காரன். ஆங்கிலேயர் வழக்கிலோ ஆளே 'கூலி' ஆனான். அவ்வழக்கு மீண்டும் தமிழுக்குள் நுழைந்து, தமிழனே தமிழனைக் 'கூலி' என்றழைக்கும் இழிவு வந்தது. ஆளை நீக்கி ஊதியத்தை மட்டும் நிறுத்திய அச்சொல்லுக்குக் காஞ்சனபுரியில் அவ்வூதியமும் கிட்டவில்லை. மெய்வருத்தம் இருந்தது, கூலி இல்லை, ஆளும் இல்லை. போருக்குப் பின், 1946இல், பாதையின் சயாமியப் பகுதி 12,50,000 பவுனுக்குத் தாய்லாந்து அரசுக்கு விற்கப்பட்டது. விற்ற தொகை எழுதப்பட்டிருக்கிறது. அதன் கட்டைகளைத் தோளிற் சுமந்தவர் யார் யாரென்பதுதான் எழுதப்படவில்லை.

இது மலேசியத் தமிழர் துயரம்; மதுரைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். மலேயத் தோட்டங்களிற் கால்வைத்த தமிழர் திருச்சி, தஞ்சை, சேலம், வடவார்க்காடு மாவட்டங்களிலிருந்து சென்றதுபோலவே மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் சென்றனர். 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சத்தைத் தாதுப் பஞ்சம் என்று இச்சமவெளி முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்தனர். 1895இல் முல்லைப் பெரியாற்று அணை எழுந்து வைகைக்கு நீர் வந்தது. மேலூர்ப் பக்கம் கழனியாயிற்று. அந்நீர் எட்டாத மேட்டுநிலம் புன்செயாகவே நின்றது. மழை பொய்த்த ஆண்டிலெல்லாம் கங்காணி தன் ஊருக்கே வந்து தன் உறவினரையே அழைத்தான். நாகைத் துறையிற் கப்பலேறி அவர்கள் பினாங்கில் இறங்கினர். 1938இல் இந்திய அரசு உழைப்பாளர் அனுப்புவதைத் தடுத்து நிறுத்தும்வரை அப்போக்கு நின்றபாடில்லை. அக்கரைச்சீமைக்குப் போனவன் அனுப்பிய பணவிடை வந்துகொண்டிருந்தது. போர் வந்ததும் நின்றது. போர் முடிந்தபின்னும் பலர்க்கு வரவேயில்லை. வராத அப்பணவிடையே பல வீடுகளுக்குச் சாவோலை.

மேலும், பெயரை எழுதி வைக்கும் வழக்கில் மதுரைச் சமவெளிக்கு நிகரான மண் அரிது. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் வைகையருகே உள்ளது கீழடி. 2015 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், உதிரன், குவிரன் எனப் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அரசர் பெயரல்ல அவை. சோறு சமைத்த பானைமேல் குடிமக்கள் கீறிய பெயர்கள். வைகையின் மேற்பகுதியில், ஆண்டிபட்டியை அடுத்த புலிமான்கோம்பையில், 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. தமிழகத்தில் இதுவரை கிடைத்த எழுத்துடை நடுகற்களுள் மிகப் பழையவை அவை. அவற்றுளொன்று ஆநிரை கவர்ந்த பூசலில் பட்டவன் ஒருவனுக்கு நட்டது. அவன் பெயரும் பூசல் நடந்த ஊரும் அதில் உள்ளன. மாட்டுக்காக நடந்த பூசலில் இறந்த ஒரு தனியாளின் பெயரை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்லில் வெட்டிய மண் இது. அம்மண்ணின் மக்கள் அயல்நாட்டில் ஆயிரக்கணக்கில் மாண்டபோது, ஒரு பானையோட்டளவு எழுத்தும் அவர்கட்குக் கிடைத்திலது.

2023ஆம் ஆண்டில் அப்பழி ஓரளவு துடைக்கப்பட்டது. காஞ்சனபுரியில், போர்க் கல்லறைக்கு அண்மையிலுள்ள தாவோன் வராராம் என்னும் புத்தப் பள்ளியில், மலேசியத் தமிழரின் முயற்சியால் மாண்ட தமிழர்க்கு நடுகல் நாட்டப்பட்டது. தமிழ்நாட்டரசும் அதற்குப் பொருளுதவி செய்தது. நடுகல் என்னும் பழஞ்சொல்லையே அதற்குப் பெயராகக் கொண்டது போற்றற்குரியது. அதற்கு முன்னரே, ஆர். சண்முகம் 1993இலும், அ. ரெங்கசாமி 2005இலும் இத்துயரத்தைப் புதினங்களாக எழுதி, தமிழினத்தின் நினைவைக் காத்தனர். பல்லாண்டு தாம் தனியே சுமந்த கடமையை மலேசியத் தமிழர் செய்து முடித்துவிட்டனர். எஞ்சியது தாய்நிலத்துத் தமிழரின் கடமை.

அக்கடமை யாது? நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படியாக வகுத்தார். கல்லைத் தேர்வது முதற்படி; நடுவது நான்காம் படி. நட்டதோடு முறை முடிவதில்லை. கல்லில் நிற்பவன் இன்னானென்று பெயரும் பெருமையும் விளங்க, அவனை வாழ்த்தியபின்னரே அது முற்றுப்பெறும். காஞ்சனபுரியில் கல் நட்டாயிற்று. பெயர் இன்னும் ஏறவில்லை. பெயரில்லாக் கல்லை எங்ஙனம் வாழ்த்துவது?

எண்பதாண்டு கடந்தபின் பெயரை எங்குத் தேடுவது என்பது அடுத்த வினா. வழியுண்டு. அத்தமிழரின் பெயர்களே அவர்தம் ஊரைக் காட்டும். மாயாண்டி, முனியாண்டி, பெரியகருப்பன், இருளாயி, பேச்சி, அழகன் என்னும் பெயர்கள் குலதெய்வத்தோடு பிறந்தவை. குலதெய்வம் அறிந்தால் கோயில் தெரியும். கோயில் தெரிந்தால் பங்காளிகள் தெரிவர். பங்காளிகளிடம் கேட்டால், அக்கரைச்சீமைக்குப் போய் வாராத பெரியப்பனின் பெயர் தெரியும். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிப் பெயர்களைத் தமிழாக்கியதைப் போற்றும் அன்பர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நன்று. கற்றவர் வடமொழிப் பெயரைக் களைய முயன்றுகொண்டிருந்த காலத்தில், களையவேண்டாத தமிழ்ப் பெயரைப் பிறவியிலேயே தாங்கியிருந்தோர் பலர் இவ்வுழைப்பாளர் நடுவே இருந்தனர். தூய தமிழ்ப் பெயர்களை நாடும் இயக்கத்தார் முதலில் தேடவேண்டிய இடம், காஞ்சனபுரிக் காடே.

செய்யவேண்டியன மூன்று. முதலாவது, மதுரையில் உலகத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1981இல் அந்நகரில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது அறிவிக்கப்பட்டு, 2016இல் தனிக் கட்டடம் பெற்றது அச்சங்கம். அங்கே 'சயாம் பாதையில் மாண்டோர் பெயரேடு' ஒன்று திறக்கப்படல் வேண்டும். பெயர், தந்தை பெயர், சொந்த ஊர், மலேயாவில் இருந்த தோட்டம், போன ஆண்டு, சொன்னவர் யார் என்னும் ஆறு செய்திகள் போதும். இரண்டாவது, பள்ளியாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு ஊர்தோறும் இதனைக் கேட்டு எழுதுதல் வேண்டும். பழைய மடல்களும், பணவிடைத் துண்டுகளும், கப்பற் சீட்டுகளும் பரணில் இன்னும் இருக்கக்கூடும். 1943இல் பத்தகவைச் சிறுவராயிருந்தவர் இன்று தொண்ணூறு கடந்தவர். அவர்க்குப் பின் கேட்க ஆளில்லை. மூன்றாவது, திரட்டிய பெயர்களை மலேசியத் தமிழரிடமுள்ள குறிப்புகளோடு ஒப்பிட்டு, ஐயமற்றவற்றைத் தமிழெழுத்திற் பொறித்துக் காஞ்சனபுரி நடுகல்லின் அருகே வைக்கவேண்டும். பாதை முடிந்த அத்தோபர் 17ஆம் நாளில் அங்கும் மதுரையிலும் அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கவேண்டும்.

தொண்ணூறாயிரத்தில் நூறு பெயர்தானே கிடைக்கும் என்று சோர்வோர் இருப்பர். நூறு கிடைத்தால் நூறு. பத்துக் கிடைத்தால் பத்து. புலிமான்கோம்பையில் கிடைத்த கற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவை சங்ககாலத் தமிழனை உலகின்முன் நிறுத்தவில்லையா? இது சப்பானியர்மேற் பகை வளர்க்கும் வேலையன்று. இழப்பீடு கேட்கும் வழக்கும் அன்று. அவை வேறு, அவற்றிற்கு உரியோர் உளர். பெயர் திரட்டுவது தமிழர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் நயன். அதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை. ஓர் ஏடும், ஓர் எழுதுகோலும், ஊர் முதியவரின் அருகே அமரும் பொறுமையும் போதும்.

காஞ்சனபுரியில் இன்றும் தொடர்வண்டி ஓடுகிறது. அப்பழம் பாதையின் ஒரு பகுதியில், நாம் தோக் என்னும் நிலையம் வரை, நாள்தோறும் மக்கள் சென்று வருகின்றனர். மலைச்சரிவில் வண்டி மெல்ல ஊரும்போது, தண்டவாளத்தின் கீழ்க் கிடப்பவர் யாரென்று வழிச்செல்வோர் அறியார். அவர் அறியாமை குற்றமன்று. மேலூரும், திருமங்கலமும், உசிலம்பட்டியும், வைகைக் கரையூர்கள் அனைத்தும் அறியாதிருப்பதே குற்றம்.

பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது 'இருக்கிறேன்' என்று சொன்னவர்கள் அவர்கள். அவர் பெயரை மீண்டும் ஒருமுறை கூப்பிடத் தமிழ்நாட்டில் யாரேனும் இருக்கின்றனரா என்பதே இன்று எழும் வினா. மதுரை விடை சொல்லட்டும்.